கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி (நவம்பர் 16, 1916 - மே 18, 1975) பிரித்தானியக் கணினி அறிவியலாளர் ஆவார். நிரல்மொழி ஒன்றின் ஒவ்வொரு கூறும் எதைக் குறிக்கிறது என்பதைக் கணிதத்தின் துணையுடன் வரையறுக்கும் குறிப்பீட்டுப் பொருண்மையியலை, அமெரிக்க ஏரணவியலாளர் டானா ஸ்காட்டுடன் இணைந்து உருவாக்கியவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் முதல் கணிமைப் பேராசிரியர். கணினியில் சதுரங்கப் பலகையின் மேல் ஆடப்படும் டிராஃப்ட்ஸ் ஆட்டத்தை நிரலாக எழுதியவர்களுள் முன்னோடியும் இவரே.

எண்ணைப் போலவே செயற்கூறும் ஒரு மதிப்பு, அதனை மாறியில் இட்டு வைக்கலாம், இன்னொரு செயற்கூற்றுக்கு அனுப்பலாம், விடையாகத் திருப்பித் தரலாம் என்னும் கருத்தை நிரலாளர்களிடையே நிலைபெறச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். அவ்வாறு மதிப்பாக வழங்கும் செயற்கூறு நினைவகத்தில் எவ்வாறு கட்டப்படவேண்டும் என்பதை இவர் 1967 ஆம் ஆண்டு ஆற்றிய விரிவுரைகளில் தெளிவுபடுத்தினார். பைத்தான், லுவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளின் வரிமொழிமாற்றிகள் செயற்கூற்றுப் பொருளை உருவாக்கும் முறையில் அவ்விரிவுரைகளில் பேசப்பட்ட தெரிவுகளை இன்றும் காணலாம்.

பிறப்பும் குடும்பமும்

ஸ்ட்ரேச்சி இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை ஆலிவர் ஸ்ட்ரேச்சி, இரு உலகப் போர்களிலும் பிரித்தானிய அரசுக்காகப் பகைவரின் மறைகுறிகளை உடைத்தவர். தாய் ரே ஸ்ட்ரேச்சி, பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். அவ்வியக்கத்தின் வரலாற்றை 1928 இல் நூலாக எழுதியவர். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி இவருடைய சிறிய தந்தையார். மூத்த உடன்பிறந்தவர் பார்பரா. 1919 இல் குடும்பம் புளூம்ஸ்பரியின் கோர்டன் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் பொருளியலாளர்களும் வந்துபோகும் சூழலில் இவர் வளர்ந்தார்.

இக்குடும்பத்துக்கு இந்தியாவுடன் நெடுநாள் தொடர்பு உண்டு. பாட்டனார் சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். பொதுப்பணித் துறை, நீர்ப்பாசனம், இருப்புப்பாதை ஆகியவற்றின் நிர்வாகத்தில் முக்கிய இடம் வகித்தவர். 1876-78 காலப்பகுதியில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட இந்தியப் பஞ்ச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆலிவரும் மறைகுறித் துறைக்கு வருமுன் கிழக்கிந்திய இருப்புப்பாதையில் வேலை பார்த்தார். லிட்டன் என்னும் பெயரே அக்காலத்து வைசிராய் லிட்டன் பிரபுவை ஒட்டி இடப்பட்டது. கிறிஸ்டோபரின் வாழ்வில் இந்தியாவுக்கு நேரடி இடமில்லை; எனினும் தமிழ் வாசகருக்கு இப்பெயர் முற்றிலும் அயலானதன்று.

கல்வி

நார்ஃபோக் மாவட்டத்தின் கிரஷாம் பள்ளியில் படித்த பின்னர் 1935 இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் கணிதம் பயின்றார். பின்னர் இயற்பியலுக்கு மாறினார். மூன்றாம் ஆண்டில் உளநலம் குன்றிப் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. மீண்டு வந்து 1939 இல் தேர்வெழுதினார். கிடைத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு மட்டுமே. அந்தத் தரத்துடன் ஆய்வு மாணவராகச் சேர வழியில்லை. அதே கல்லூரியில் அப்போது ஆய்வாளராக இருந்தவர் ஆலன் டூரிங். இருவருக்கும் கல்லூரி நாட்களிலேயே அறிமுகம் இருந்தது. அதன் பயன் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

போர்க்காலத்தில் ஸ்டாண்டர்ட் டெலிபோன்ஸ் அண்டு கேபிள்ஸ் நிறுவனத்தில் இயற்பியலாளராகப் பணியாற்றினார். ரேடார் கருவிகளுக்கான வெற்றிடக் குழாய்களின் வடிவமைப்புக்கு வேண்டிய கணக்குகளைச் செய்வது இவருடைய வேலை. அதற்காக வகையீட்டுப் பகுப்பி என்னும் இயந்திரக் கணிப்பானைப் பயன்படுத்தினார். கணிக்கும் பொறிகள் மீது இவருக்கு ஆர்வம் பிறந்தது இங்கேதான்.

பள்ளி ஆசிரியர்

போர் முடிந்ததும் 1945 இல் கேன்டர்பரியின் செயின்ட் எட்மண்ட்ஸ் பள்ளியில் ஆசிரியரானார். 1949 இல் புகழ்பெற்ற ஹாரோ பள்ளிக்கு மாறி, 1952 வரை அங்கே கற்பித்தார். ஏழாண்டுக் கற்பித்தல் பணி இவரது பிற்கால நடையில் தன் தடத்தை விட்டுச் சென்றது எனலாம். கடினமான ஒன்றை எளிய எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கி விளக்குவது இவருடைய வழக்கமாயிற்று.

1951 சனவரியில் ஒரு நண்பர் வழியாக தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மைக் வூட்ஜரைச் சந்தித்தார். அங்கே பைலட் ஏஸ் என்னும் கணினி இயங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் இடையில், வகுப்பு நேரம் போகக் கிடைத்த பொழுதில், அதற்கென டிராஃப்ட்ஸ் ஆடும் நிரலொன்றை எழுதினார். 1951 சூலை 30 அன்று அது முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. கணினியின் நினைவகம் முழுவதையும் அது விழுங்கிவிட்டதால் முயற்சி நிறைவேறவில்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஃபெரான்டி மார்க் 1 கணினிக்கு நினைவகம் அதிகம் என்று கேள்விப்பட்ட இவர், அதற்கான நிரலாளர் கையேட்டை எழுதிய டூரிங்கை அணுகினார். டூரிங் ஒரு பணியைக் கொடுத்தார். கணினி தன்னைத்தானே பாவனை செய்யுமாறு, அதாவது அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, பொருள்கொண்டு, நிறைவேற்றிக் காட்டுமாறு ஒரு நிரல் எழுதவேண்டும் என்பதே அது. இன்றைய வழக்கில் சொல்வதாயின் அது ஒரு வரிமொழிமாற்றி. ஸ்ட்ரேச்சி ஏறத்தாழ 1,000 கட்டளைகள் கொண்ட நிரலுடன் மான்செஸ்டருக்கு வந்தார். அந்தக் கணினியில் அதற்கு முன் அவ்வளவு நீண்ட நிரலை யாரும் ஓட்டியதில்லை. முழு இரவும் இயந்திரத்தின் முன் அமர்ந்து பிழைகளைத் திருத்தினார். விடியற்காலையில் நிரல் ஓடி முடிந்தபோது ஒலிபெருக்கி வழியே பிரித்தானிய நாட்டுப்பண் ஒலித்தது. அதையும் அவரே நிரலில் சேர்த்திருந்தார். அதே ஆண்டில் பிபிசி அக்கணினியின் இசையை ஒலிப்பதிவு செய்தது. அப்பதிவு 2016 இல் சீர்செய்யப்பட்டது.

ஒரு பள்ளி ஆசிரியர் ஓர் இரவில் செய்துகாட்டிய இச்செயல் பரவலாகப் பேசப்பட்டது. டிராஃப்ட்ஸ் நிரலையும் புதிய கணினிக்கென மாற்றி எழுதினார். 1952 கோடையில் அது ஒரு முழு ஆட்டத்தை ஓரளவு வேகத்துடன் ஆடியது. கதிர்க்குழாய்த் திரையில் பலகையையும் காட்டியது. அதே ஆண்டில், சொற்பட்டியலிலிருந்து குருட்டுவாக்கில் சொற்களைத் தெரிந்து காதல் கடிதம் எழுதும் நிரலொன்றையும் இயற்றினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியின் பெயரைச் சுருக்கிக் கையொப்பமிட்ட அக்கடிதங்கள் பல்கலைக்கழகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. கணினியால் உருவாக்கப்பட்ட இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

அரசு நிறுவனமும் தனிப்பணியும்

1952 சூனில் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அதன் தலைவர் ஹால்ஸ்பரி பிரபு இவரை நேரில் அழைத்துப் பணியில் அமர்த்தினார். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கப்பற்பாதை அமைப்பதற்கான நீர்மட்டக் கணக்குகளை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கணினியில் நிரலாக்கிக் கொடுத்தார். 1956 இல் வெளிவந்த ஃபெரான்டி பெகாசஸ் கணினியின் கட்டளைத் தொகுதி இவருடைய வடிவமைப்பு. நிரலாளருக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதை முதலில் கருதி அமைக்கப்பட்ட கட்டளைத் தொகுதி என்பதால் அது பாராட்டப் பெற்றது.

1959 சூனில் பாரிசில் யுனெஸ்கோ நடத்திய தகவல் செயலாக்க மாநாட்டில் நேரப் பகிர்வு பற்றிய கட்டுரையை வாசித்தார். ஒரே கணினியில் பல நிரல்கள் மாறிமாறி ஓடும் முறையை அது விவரித்தது. பின்னாளில் பலர் ஒரே நேரத்தில் முனையங்களின் முன் அமர்ந்து வேலை செய்யும் முறைக்கும் நேரப் பகிர்வு என்றே பெயர் வந்தது. அது தன் கருத்தன்று என்று ஸ்ட்ரேச்சியே பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார்.

அதே ஆண்டு வேலையை விட்டு விலகித் தனித்தியங்கும் ஆலோசகரானார். 1960 இல் பீட்டர் லாண்டின் என்னும் இளைஞரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். நிரல்மொழிகளின் பொருண்மையைப் பற்றி ஆராய்வதற்கு ஸ்ட்ரேச்சி தன் ஆலோசனை வருவாயிலிருந்தே அவருக்குச் சம்பளம் கொடுத்தார். அக்காலத்தில் பிரித்தானியாவில் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தந்த வேறு இடம் அரிது. லாண்டின் 1964 இல் வெளியிட்ட கட்டுரையில்தான் குளோசர் என்னும் சொல்லும், அதனை உருவாக்கி இயக்கும் எஸ்இசிடி என்னும் கற்பனைப் பொறியும் முதன்முதலாக இடம்பெற்றன.

சிபிஎல் மொழி

1962 இல் மாரிஸ் வில்க்ஸின் அழைப்பின் பேரில் கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகத்தில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜும் இலண்டனும் கூட்டாக வடிவமைத்த சிபிஎல் என்னும் நிரல்மொழியின் பணியில் டேவிட் பாரன், டேவிட் ஹார்ட்லி, ஜான் பக்ஸ்டன், எரிக் நிக்சன் ஆகியோருடன் ஈடுபட்டார். மொழியின் முதன்மைக் கூறுகளை விவரிக்கும் கட்டுரை 1963 இல் வெளியானது. அச்சுருக்கப் பெயரின் முதல் எழுத்து கிறிஸ்டோபரைக் குறிப்பதாக உடன் பணியாற்றியோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மொழியின் நிரல்பெயர்ப்பியை எழுதுவதற்குத் துணையாக ஜிபிஎம் என்னும் பேரிணைப்பு உருவாக்கியையும் இயற்றி 1965 இல் வெளியிட்டார்.

சிபிஎல் அளவுக்கு மீறிய ஆசையுடன் வடிவமைக்கப்பட்ட மொழி. நிரல்பெயர்ப்பிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. மொழி பரவலான பயன்பாட்டுக்கு வரவேயில்லை. அந்த வகையில் அது ஒரு தோல்வி என்றே கூறவேண்டும். ஆயினும் அங்கே மாணவராக இருந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் அதனைச் சுருக்கி 1967 இல் பிசிபிஎல் மொழியை உருவாக்கினார். அதிலிருந்து பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் பி மொழியையும், டென்னிஸ் ரிட்சி சி மொழியையும் ஆக்கினர்.

ரிச்சர்ட்ஸ் சுருக்கியபோது விட்டவற்றுள் ஒன்று இக்கட்டுரைக்கு முக்கியமானது. உள்ளே எழுதப்பட்ட செயற்கூறு தன்னைச் சூழ்ந்த செயற்கூற்றின் தற்காலிக மாறிகளைப் பயன்படுத்தக்கூடாது என்று பிசிபிஎல் தடை விதித்தது. இதனால் செயற்கூறு என்பது நிரலின் தொடக்க முகவரி மட்டுமே ஆயிற்று. ஒரே ஒரு நினைவகச் சொல்லில் அது அடங்கிவிடும். ஓடும் நேரத்தில் புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை. சி மொழியின் செயற்கூற்றுச் சுட்டுகளும் இவ்வாறே அமைந்தன. சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதில் அதைத் தவிர்த்து வேகத்தைப் பெற்ற வழி இது. ஸ்ட்ரேச்சி தவிர்க்க விரும்பவில்லை.

செயற்கூறு என்னும் மதிப்பு

1967 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடைபெற்ற பன்னாட்டுக் கோடைப் பள்ளியில் நிரல்மொழிகளின் அடிப்படைக் கருத்துகளைப் பற்றி ஸ்ட்ரேச்சி தொடர் விரிவுரை ஆற்றினார். இன்று பாடநூல்களில் சாதாரணமாக வழங்கும் பல சொற்கள் இவ்விரிவுரைகள் வழியாகவே பரவின. ஒரு மாறிக்கு இட மதிப்பு, வல மதிப்பு என இரண்டு உண்டு என்பது அவற்றுள் ஒன்று. இட மதிப்பு அம்மாறி குடியிருக்கும் நினைவக இடம். வல மதிப்பு அவ்விடத்தில் உள்ள பொருள். மதிப்பேற்றக் கட்டளையின் இடப்பக்கத்தில் இடமும் வலப்பக்கத்தில் உள்ளடக்கமும் வேண்டப்படுவதால் இப்பெயர்கள் அமைந்தன. முதல் வகுப்புப் பொருள், இரண்டாம் வகுப்புப் பொருள் என்ற பாகுபாட்டையும் இவரே விளக்கினார். அல்கால் மொழியில் எண்கள் முதல் வகுப்பு. செயற்கூறுகளோ இரண்டாம் வகுப்பு. அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம், அளபுருவாக அனுப்பலாம். மாறியில் சேமிக்கவோ விடையாகப் பெறவோ இயலாது.

செயற்கூற்றை முதல் வகுப்புக்கு உயர்த்தினால் எழும் சிக்கல் யாது? வட்டி கணக்கிடும் ஒரு செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். அது தொகையை அளபுருவாகப் பெறுகிறது. வீதத்தையோ வெளியே உள்ள ஒரு மாறியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இச்செயற்கூற்றை வேறோர் இடத்துக்கு அனுப்பினால், அங்கே வீதம் என்ற பெயரில் வேறு மாறி இருக்கலாம். அல்லது எதுவுமே இல்லாதிருக்கலாம். எனவே செயற்கூற்றின் மதிப்பு என்பது வெறும் கட்டளைத் தொகுதியாக இருக்க முடியாது. கட்டளைகளும், அவற்றுக்கு வேண்டிய வெளி மாறிகளும் சேர்ந்த ஓர் இணையாக அது இருத்தல் வேண்டும். இந்த இணையே லாண்டின் பெயரிட்ட குளோசர். லிஸ்ப் மொழியின் தொடக்கக்கால வரிமொழிமாற்றிகளில் இச்சிக்கல் நடைமுறையிலேயே தலைகாட்டியிருந்தது.

இந்த இணையைக் கட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. செயற்கூறு பிறந்த இடத்தின் முழுச் சூழலுக்கும் ஒரு சுட்டை வைத்துக்கொள்வது ஒரு வழி. லாண்டினின் பொறி இவ்வாறு செய்கிறது. கட்டுவதற்கு மிகக் குறைந்த வேலையே ஆகும். ஆனால் மாறியைத் தேடும்போது சூழல் சங்கிலியில் ஏறி இறங்க வேண்டும். தேவையற்ற பொருள்களும் நினைவகத்தில் தங்கிவிடும். செயற்கூறு உண்மையில் பயன்படுத்தும் வெளி மாறிகளை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியலாக்கி, அதனைக் கட்டளைகளின் முகவரியுடன் இணைப்பது மற்றொரு வழி. ஸ்ட்ரேச்சி தன் விரிவுரைகளில் வரைந்து காட்டியது இந்த வெளிமாறிப் பட்டியலையே. கட்டும்போது மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேலை கூடும். பயன்படுத்தும்போது நேராக எடுத்துக்கொள்ளலாம். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூற்றில் இன்னொரு முடிச்சு விழுகிறது. அதன் வெளி மாறிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே பட்டியலுக்கு முதலில் இடம் ஒதுக்கி, செயற்கூற்றைக் கட்டிய பின்னரே அதனை நிரப்ப முடியும்.

பட்டியலில் எதை எழுதுவது, மாறியின் வல மதிப்பையா, இட மதிப்பையா? ஸ்ட்ரேச்சியின் கூர்மை இக்கேள்வியில் வெளிப்படுகிறது. வல மதிப்பைப் படியெடுத்தால் செயற்கூறு பிறந்த கணத்திலேயே உறைந்துவிடும். வீதம் 8 ஆக இருந்தபோது கட்டப்பட்டது, பின்னர் வீதம் 10 ஆக மாறினாலும் 8 என்றே கணக்கிடும். இது நிலைத்த செயற்கூறு. இட மதிப்பை எழுதினால் மாற்றம் உடனுக்குடன் தெரியும். அது கட்டற்ற செயற்கூறு. சிபிஎல் மொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு வரையறைக் குறிகள் இருந்தன. எது வேண்டும் என்பதை நிரலாளரே தெரிந்தெடுக்கலாம்.

பல அளபுருக்களை ஒருங்கே பெறும் செயற்கூற்றை ஒவ்வோர் அளபுருவாகப் பெறும் செயற்கூறுகளின் தொடராக மாற்றும் முறைக்குக் கறியிங் என்று பெயர் வழங்கியவரும் ஸ்ட்ரேச்சியே என்பர். அமெரிக்க ஏரணவியலாளர் ஹாஸ்கல் கறியின் நினைவாக வந்த பெயர் இது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்மையில் மோசஸ் ஷேன்ஃபிங்கல் 1924 லேயே இதனை வெளியிட்டிருந்தார்.

இவ்வளவு செறிவான விரிவுரைகளை ஸ்ட்ரேச்சி அச்சிடவில்லை. மாநாட்டுத் தொகுப்பு வெளிவராமற்போகவே, குறிப்புகள் படியெடுக்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 2000 ஆம் ஆண்டிலேயே அவை ஓர் ஆய்விதழில் அச்சேறின. எழுதியதை நிறைவு தரும்வரை வெளியிடாத இவரது இயல்பே இதற்குக் காரணம். அதனால் இவருக்குரிய பெயரில் ஒரு பங்கு பிறருக்குப் போனது என்பதில் ஐயமில்லை.

ஆக்ஸ்போர்டும் டானா ஸ்காட்டும்

1965 இல் ஆக்ஸ்போர்டில் நிரலாக்க ஆய்வுக் குழுவை நிறுவினார். பான்பரி சாலையில் ஒரு வீட்டில் இயங்கிய சிறிய குழு அது. கோட்பாட்டையும் செய்முறையையும் பிரிக்கக்கூடாது என்பது இவரது உறுதியான கொள்கை. ஒருபுறம் பொருண்மையியல் ஆய்வு நடக்க, மறுபுறம் ஜோ ஸ்டாயுடன் சேர்ந்து ஓஎஸ்6 என்னும் இயக்கு தளத்தை எழுதினார். அது 1972 இல் விவரிக்கப்பட்டது. அது எழுதப்பட்ட மொழி பிசிபிஎல். தன் கனவு மொழியின் கத்தரிக்கப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்த அவர் தயங்கவில்லை.

நிரலின் ஒவ்வொரு கூற்றும் ஒரு கணிதச் சார்பைக் குறிக்கிறது என்று கொண்டு, லாம்டா நுண்கணிதத்தால் நிரல்மொழியை விளக்க அவர் 1964 முதல் முயன்றுவந்தார். ஆனால் அடித்தளத்தில் ஓர் ஓட்டை இருந்தது. செயற்கூறு ஒன்று தன்னையே அளபுருவாகப் பெறமுடியுமாயின், அத்தகைய பொருள்கள் அனைத்தும் அடங்கிய கணம் எது? சாதாரணக் கணக்கோட்பாட்டில் அத்தகைய கணம் இல்லை. ஒரு கணத்திலிருந்து அதே கணத்துக்கு அமையும் சார்புகளின் எண்ணிக்கை அக்கணத்தின் உறுப்புகளை விட எப்போதும் மிகுதி. 1969 இல் ஸ்ட்ரேச்சியைச் சந்தித்த டானா ஸ்காட் இதனைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த ஸ்காட், லாம்டா நுண்கணிதத்துக்கு உருப்படியான கணித மாதிரி இராது என்று காட்ட முனைந்தவர், நவம்பரில் அப்படி ஒரு மாதிரியைத் தாமே கண்டுபிடித்தார். எல்லாச் சார்புகளையும் விடுத்துத் தொடர்ச்சியானவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதே திறவுகோல். இருவரும் இணைந்து எழுதிய ஆய்வறிக்கை 1971 இல் வெளிவந்தது.

கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த்துடன் 1974 இல் எழுதிய அறிக்கை, தாவல் கட்டளைகளைத் தொடர்கைகள் என்னும் கருத்தின் வழி விளக்கியது. பீட்டர் மோசஸ், ராபர்ட் மில்ன் ஆகியோரும் இவரிடம் பயின்றவர்கள். 1971 இல் ஆக்ஸ்போர்டு இவருக்குப் பேராசிரியர் பதவி அளித்தது. இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவில் தேறி, முனைவர் பட்டமும் பெறாத ஒருவருக்கு அது கிடைத்தது அன்றைய ஆக்ஸ்போர்டில் சிறிய செய்தியன்று. அதே ஆண்டில் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் சிறப்பு மதிப்புறு உறுப்பினரானார்.

மறைவு

1973 முதல் ராபர்ட் மில்னுடன் சேர்ந்து கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசுக்காக ஒரு நெடிய ஆய்வுரையை எழுதினார். ஒரு முழு மொழியின் பொருண்மையை வரையறுப்பதோடு நில்லாமல், அதனைச் செயல்படுத்தும் முறை அவ்வரையறைக்கு இசைந்தது என நிறுவுவதும் அதன் நோக்கம். செயற்கூற்றுக்குக் கணிதம் தரும் பொருளும், நினைவகத்தில் கட்டப்படும் இணையும் ஒன்றையே குறிக்கின்றன என்பதற்கு மெய்ப்பு வேண்டும் என்பதே அவரது நெடுநாள் வேட்கை. 1974 இறுதியில் ஆய்வுரை அனுப்பப்பட்டபோது அவர் மிகவும் களைத்திருந்தார். பின்னர் மஞ்சட்காமாலை கண்டது. சிறிது தேறிவந்த நிலையில் மீண்டும் நோய் முற்றி, 1975 மே 18 அன்று ஆக்ஸ்போர்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. திருமணம் செய்துகொள்ளவில்லை. மில்ன் திருத்தி முடித்த அந்நூல் 1976 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. நிரலாக்க ஆய்வுக் குழுவின் தலைமையை 1977 இல் டோனி ஹோர் ஏற்றார்.

பிற்கால மொழிகளில்

ஸ்ட்ரேச்சி பிரித்துக் காட்டிய இரு வகைகளும் இன்று வெவ்வேறு மொழிகளில் வாழ்கின்றன. சி++ மொழியின் 2011 ஆம் ஆண்டுத் தரம், பெயரற்ற செயற்கூற்றை எழுதும்போது வெளி மாறியை மதிப்பாகப் பிடிப்பதா, இடமாகப் பிடிப்பதா என்று நிரலாளரையே சொல்ல வைக்கிறது. இது ஏறத்தாழ சிபிஎல் மொழியின் ஏற்பாடே.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் இடம்பெற்ற பைத்தான் மொழி கட்டற்ற வகையைச் சார்ந்தது. மடக்கு ஒன்றினுள் மூன்று செயற்கூறுகளை உருவாக்கி, ஒவ்வொன்றும் மடக்கு மாறியைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதும் மாணவர், மூன்றும் கடைசி மதிப்பையே தருவதைக் கண்டு திகைப்பார். மூன்றும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே காரணம். அம்மாறியை அளபுருவின் முன்னிருப்பு மதிப்பாக எழுதினால் சிக்கல் தீரும். ஏனெனில் முன்னிருப்பு மதிப்பு செயற்கூற்றுப் பொருள் கட்டப்படும் கணத்திலேயே கணக்கிடப்பட்டு அதனுள் வைக்கப்படுகிறது. கட்டற்றதை நிலைத்ததாக மாற்றும் உத்தி இது.

பைத்தானில் செயற்கூற்றின் உடல் ஒருமுறைதான் பெயர்க்கப்படுகிறது. ஆனால் வரையறை வரி ஓடும் ஒவ்வொரு முறையும் புதிய செயற்கூற்றுப் பொருள் கட்டப்படுகிறது. உள் செயற்கூறுகளை மிகுதியாகப் பயன்படுத்தும் நிரல்களில் இச்செலவு தெரியத் தொடங்கும். ஆகவே கட்டும் கணத்தில் செய்யவேண்டியதைக் குறைத்து, எஞ்சியதைத் தேவைப்படும்வரை தள்ளிப்போடுவது மொழியாக்குநரின் வேலையாயிற்று. 2021 இல் வந்த 3.10 பதிப்பு, சரமாக வைக்கப்படும் வகைக் குறிப்புகளுக்கான அகராதியை உடனே உருவாக்காமல், யாரேனும் கேட்கும்போதே உருவாக்குகிறது. அத்தகைய குறிப்புகள் கொண்ட செயற்கூற்றை வரையறுக்கும் நேரம் இதனால் பாதியாகக் குறைந்தது. 2024 இன் 3.13 பதிப்பில், வெற்றுச் செயற்கூற்றைக் கட்டும் கட்டளையிலிருந்து முன்னிருப்பு மதிப்புகள், வெளி மாறிகள் முதலியவற்றைப் பொருத்தும் வேலை தனிக் கட்டளையாகப் பிரிக்கப்பட்டது.

லுவா மொழி வேறொன்றை முயன்றது. 2011 இன் 5.2 பதிப்பு, ஒரே வெளி மாறிகளைப் பிடிக்கும் செயற்கூறு மறுபடி வேண்டப்படும்போது முன்னர் கட்டியதையே எடுத்துக் கொடுக்கும் வசதியைக் கொண்டிருந்தது. 2020 இன் 5.4 பதிப்பில் அவ்வசதி கைவிடப்பட்டது.

நினைவு

ஸ்ட்ரேச்சியின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சிபிஎல் பணிக்குறிப்புகள், கடிதங்கள், முற்றுப்பெறாத கட்டுரைகள், காதல் கடித நிரலின் தாள்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆக்ஸ்போர்டில் இவர் பெயரால் கணிமைப் பேராசிரியர் பதவி ஒன்று உள்ளது. சாம்சன் அப்ராம்ஸ்கி 2000 முதல் 2021 வரை அதனை வகித்தார். நூற்றாண்டையொட்டி 2016 நவம்பரில் ஆக்ஸ்போர்டில் நினைவுக் கருத்தரங்கு நடைபெற்றது.